சைகோ ஷிரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைகோ ஷிரோ யார்?

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் முதல் தலைமுறை மாணவர்களில் மிகவும் பெயர் பெற்றவர் சைகோ ஷிரோ (1866–1922). யமாஷிதா யோஷிட்சுகு, யோகோயாமா சகுஜிரோ, தொமிதா ட்சுனெஜிரோ ஆகிய மூவரோடு இவரையும் சேர்த்து, கானோ நிறுவிய கோடோக்கான் பயிற்சிக்கூடத்தின் 'நான்கு திக்குக் காவலர்கள்' என்று ஜப்பானியர் சொல்வது வழக்கம். மற்ற மூவரும் வாழ்நாள் முழுதும் ஜூடோவோடு பிணைந்திருந்தவர்கள். யமாஷிதா அமெரிக்காவுக்குச் சென்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே ஜூடோ கற்றுக்கொடுத்தார். சைகோ கோடோக்கானில் இருந்ததோ ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்தாம். இருபத்துநான்கு வயதில் அதைவிட்டு வெளியேறி, எஞ்சிய முப்பத்திரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியைப் பத்திரிகையாளராகக் கழித்தார். ஆயினும் நால்வரில் இன்றுவரை கதையாகவும் திரைப்படமாகவும் நினைவில் நிற்பவர் அவரே. அவரைப் பற்றிய கேள்விகளில் பாதி, மனிதரைப் பற்றியவையாக இல்லாமல் அந்தக் கதையைப் பற்றியவையாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

இதில் பெயர் எது, குடும்பப் பெயர் எது? சைகோ தகாமோரிக்கு இவர் உறவினரா?

ஜப்பானிய முறைப்படி குடும்பப் பெயரே முதலில் வரும். எனவே 'சைகோ' குடும்பப் பெயர், 'ஷிரோ' இயற்பெயர். ஆனால் அவர் பிறந்தது சைகோ குடும்பத்தில் அல்ல, ஷிதா குடும்பத்தில். 'சைகோ' என்பது தத்துப் போனதால் வந்த பெயர். வரலாற்றில் புகழ்பெற்ற சாமுராய்த் தலைவர் சைகோ தகாமோரி, அன்றைய ஜப்பானின் சிற்றரசுகளுள் ஒன்றான சத்சுமா நாட்டவர். ஷிரோவைத் தத்தெடுத்தவர் அய்சு என்ற மற்றொரு சிற்றரசைச் சேர்ந்தவர். 1868-இல் சத்சுமா உள்ளிட்ட பேரரசர் தரப்புப் படைகள்தாம் அய்சுவை முற்றுகையிட்டு வீழ்த்தின. ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் எதிரெதிர்த் தரப்பினர்.

அவருடைய பிறப்பும் இளமையும் எப்படிப்பட்டவை?

1866-ஆம் ஆண்டு, இன்றைய ஃபுகுஷிமா மாவட்டத்திலுள்ள அய்சு-வகாமட்சுவில், அய்சு பிரபுவிடம் பணியாற்றிய ஷிதா சதஜிரோ என்ற சாமுராயின் மூன்றாம் மகனாகப் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது நிறைந்த சில மாதங்களிலேயே பேரரசர் தரப்புக்கும் ஷோகன் தரப்புக்கும் இடையிலான உள்நாட்டுப் போரான போஷின் போர் அய்சுவை எட்டியது. ஏறத்தாழ ஒரு மாத முற்றுகைக்குப் பின் கோட்டை சரணடைந்தது. தோற்ற தரப்புச் சாமுராய்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சிதறின. ஷிதா குடும்பம் அகானோ ஆற்றங்கரை ஊரான ட்சுகவாவுக்குக் குடிபெயர்ந்தது. இன்று அந்த ஊர் நீகாத்தா மாவட்டத்தைச் சேர்ந்தது. படகுகள் வந்துபோகும் அந்த ஆற்றுத்துறையில் வளர்ந்த சிறுவன், 1882-இல், படை அதிகாரியாகும் கனவோடு தோக்கியோவுக்கு வந்தான்.

இந்தப் பின்னணியைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போருக்குப் பின் நிலைபெற்ற மெய்ஜி பேரரசரின் அரசில் உயர் பதவிகள் பெரும்பாலும் சத்சுமா, சோஷு போன்ற வென்ற தரப்பினரிடமே இருந்தன. தோற்ற அய்சுவின் பிள்ளைக்கு, கல்வியும் உடல் திறமும் தவிரக் கைம்முதல் என்று சொல்ல வேறு எதுவும் இல்லை.

சைகோ தனோமோ இவரைத் தத்தெடுத்தது ஏன்? இவர் அவருடைய சொந்த மகன்தான் என்று சொல்கிறார்களே?

சைகோ தனோமோ, அய்சுவின் தலைமை அமைச்சர்களுள் ஒருவர். முற்றுகை தொடங்கிய நாளில், அவர் கோட்டையில் இருந்தபோது, வீட்டிலிருந்த தாய், மனைவி, தங்கையர், மகள்கள், உறவினர் என 21 பேர் பகைவர் கையில் சிக்காமல் உயிரை மாய்த்துக்கொண்டனர். அன்று உயிர்தப்பிய ஒரே மகனும் சில ஆண்டுகளில் இளவயதிலேயே இறந்தான். ஹொஷினா சிகனோரி என்று பெயரை மாற்றிக்கொண்டு ஷிந்தோ ஆலயங்களில் பூசகராகப் பணியாற்றி வந்த தனோமோ, 1884-இல் ஷிரோவை வாரிசாக ஏற்றார். ஷிரோ பின்னர் 'சைகோ' என்ற பழைய குடும்பப் பெயரை மீண்டும் உயிர்ப்பித்தார்.

சொந்த மகன் என்ற பேச்சு பிற்காலத்தில் கிளம்பியது. ஆவணங்கள் அவரை ஷிதா சதஜிரோவின் மகன் என்றே குறிக்கின்றன. குலம் அற்றுப்போகாமலிருக்கத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளையைத் தத்தெடுப்பது அக்கால ஜப்பானில் மிகச் சாதாரணமான ஏற்பாடு. இதை விளக்க இரகசியம் எதுவும் தேவைப்படவில்லை.

கோடோக்கானில் அவர் சேர்ந்தது எப்படி? அப்போது அது எப்படி இருந்தது?

தோக்கியோவில் ஷிரோ முதலில் சேர்ந்தது, டென்ஜின் ஷின்யோ மரபைச் சேர்ந்த இனோவே கெய்தாரோவின் ஜூஜுட்சு (பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலை) கூடத்தில். கானோவும் அதே மரபில் பயின்றவர். அங்கே இந்தச் சிறுவனின் திறமையைக் கண்ட கானோ, தம்மிடம் அழைத்துக்கொண்டார். அது 1882-ஆம் ஆண்டு, கோடோக்கான் தொடங்கிய அதே ஆண்டு.

கோடோக்கான் என்றதும் இன்றைய பல மாடிக் கட்டடத்தை மனத்தில் கொள்ளக் கூடாது. அது ஷிதாயா பகுதியிலிருந்த எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலில் வாடகைக்கு எடுத்த இடம். பயிற்சிக்கு இருந்தது பன்னிரண்டு தத்தாமிப் பாய்கள் விரித்த பரப்பு. முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். ஆசிரியர் கானோவுக்கு வயது இருபத்தொன்று, ஷிரோவுக்குப் பதினாறு. ஆட்களைத் தூக்கிப் போடும் அதிர்ச்சியில் தரைப்பலகைகள் உடைய, பகல் முழுதும் வேறு வேலை பார்த்த கானோ இரவில் விளக்கோடு தரைக்கடியில் புகுந்து அவற்றைச் செப்பனிட்டார் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் கோயிலை விட்டு வேறிடம் போக வேண்டியதாயிற்று.

ஜூஜுட்சு ஏற்கெனவே இருந்தபோது ஜூடோ எதற்கு?

ஜூஜுட்சு என்பது ஒற்றைக் கலையன்று. பிடி, எறிதல், மூட்டு முறித்தல், குரல்வளை நெரித்தல், குத்து எனப் பலவற்றைப் பலவாறு கலந்து கற்பித்த நூற்றுக்கணக்கான மரபுகளின் பொதுப்பெயர். சாமுராய் வகுப்பு கலைக்கப்பட்ட பின் அவற்றில் பல, வேடிக்கைப் போட்டிகளுக்கும் தெருச் சண்டைக்கும் உரியவை என்ற மதிப்பிறக்கத்துக்கு ஆளாயின. கானோ இரண்டு மரபுகளை ஆழ்ந்து கற்றார். டென்ஜின் ஷின்யோ மரபிலிருந்து தரைப்பிடிகளையும், கிடோ மரபிலிருந்து எறிமுறைகளையும் எடுத்துக்கொண்டு, முழு வேகத்தில் செய்தால் காயம் விளைவிப்பவற்றைப் பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கினார். எஞ்சியவற்றை மாணவர்கள் நாள்தோறும் முழு வலிமையோடு ஒருவர்மீது ஒருவர் செய்து பார்க்க முடிந்தது. பின்னாளைய வெற்றிகளுக்கு அடித்தளம் இதுவே என்பது என் கருத்து.

இன்னொன்று, எறிவதற்கு முன் எதிராளியின் நிலையைக் குலைத்தல். நேராக நிற்பவரைத் தூக்குவது கடினம். இழுத்தோ தள்ளியோ அவருடைய எடையை ஒரு காலின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டால், சிறு விசையே போதும். இதை எல்லா எறிகளுக்கும் பொதுவான முதற்படியாகக் கானோ வகுத்துக் காட்டினார்.

உலகின் முதல் கறுப்புக் கச்சை சைகோ ஷிரோவுடையதா?

பாதி உண்மை. 1883-இல் கானோ முதன்முறையாக 'டான்' என்ற தேர்ச்சித் தரநிலையை வழங்கியபோது, முதல் டான் பெற்றவர்கள் சைகோ ஷிரோவும் தொமிதா ட்சுனெஜிரோவும். ஆனால் அப்போது டான் பெற்றவர்க்கெனத் தனி நிறக் கச்சை இல்லை. கறுப்புக் கச்சை கட்டும் வழக்கம் சில ஆண்டுகள் கழித்து, 1886-ஐ ஒட்டி வந்தது.

அவர் உண்மையிலேயே அவ்வளவு சிறிய உருவம் கொண்டவரா?

ஆம். உயரம் சுமார் 153 செ.மீ., எடை சுமார் 53 கிலோ. இன்றைய ஆடவர் போட்டிகளின் மிகக் குறைந்த எடைப்பிரிவுக்கு 60 கிலோ எல்லை. அதற்கும் ஏழு கிலோ குறைந்தவர் அவர். அன்று எடைப்பிரிவு என்ற ஒன்றே கிடையாது.

தூக்கி எறிந்தாலும் பூனைபோலக் காலூன்றி இறங்குவார் என்றும், விரல்கள் பாயைக் கவ்விப் பிடித்ததால் அவர் பாதங்களை 'ஆக்டோபஸ் கால்' என்று அழைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. ட்சுகவாவில் படகில் ஆடிப் பழகிய கால்கள் அவை என்று சிலர் காரணமும் காட்டுவர். சமநிலையை இழக்காதவர் என்பதை நம்பலாம். படகு விளக்கம், நடந்து முடிந்த பின் கட்டிய காரணம்போல் எனக்குத் தோன்றுகிறது.

'யமா-அராஷி' என்ற எறி என்ன? அதை இன்றும் செய்கிறார்களா?

'மலைப்புயல்' என்று பொருள்படும் இது சைகோவின் தனி முத்திரை. வழக்கமான ஜூடோப் பிடியில் வலக்கையால் எதிராளியின் இடப்பக்கச் சட்டை விளிம்பைப் பிடிப்போம். மலைப்புயலில் வலக்கை, எதிராளியின் வலப்பக்க விளிம்பையே ஆழமாகப் பற்றுகிறது. இடக்கை அவருடைய வலக்கைச் சட்டையைப் பிடிக்கிறது. அதாவது இரண்டு கைகளும் அவருடைய வலப்பக்கத்திலேயே குவிந்துவிடுகின்றன. அவரை முன்வலமாகச் சாய்த்தபடி உடம்பைத் திருப்பி உள்ளே நுழைந்து, தோளுக்கு மேல் போடப்போவதுபோல் இழுத்து, அதே கணத்தில் வலக்காலால் அவருடைய வலக்காலின் கீழ்ப்பகுதியைப் பின்னோக்கி வாரிவிட வேண்டும். மேலே முன்னோக்கி இழுப்பு, கீழே பின்னோக்கி வாரல். பிடிபட்ட வலக்கையை ஊன்றித் தப்பவும் வழியில்லாததால் விழுபவர் தலைகீழாகப் போவார்.

உயரமானவரைக் குள்ளமானவர் எறிவதற்கே இது பொருத்தமானது. குட்டையான ஆள் உள்ளே நுழைவது எளிது; அவர் கால் எட்டுவதும் எதிராளியின் கணுக்கால் பகுதியைத்தான். மற்றவர்கள் முயன்றபோது இது தோளெறியாகவோ இடுப்பு வாரலாகவோ திரிந்துவிட்டது. 'சைகோவுக்கு முன் மலைப்புயல் இல்லை, சைகோவுக்குப் பின்னும் மலைப்புயல் இல்லை' என்ற சொல்வழக்கு இதிலிருந்தே பிறந்தது.

1895-இல் கோடோக்கான் வகுத்த 42 எறிகளின் பட்டியலில் மலைப்புயல் இருந்தது. 1920-இல் அதைத் திருத்தி 40 ஆக்கியபோது விலக்கப்பட்ட எட்டில் இதுவும் ஒன்று. அந்த எட்டையும் 1982-இல் மீண்டும் அங்கீகரித்தார்கள். இன்று கையெறிகள் பிரிவில் இதற்கு இடம் உண்டு. போட்டிகளில் அரிதாகவே காண முடியும்.

காவல்துறைப் போட்டியில் ஜூஜுட்சு வீரர்களை அவர் வென்றது உண்மையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதிலும் நீளமானது.

தோக்கியோ மாநகரக் காவல்துறையின் தலைவராக 1885 இறுதி முதல் 1888 வரை இருந்தவர் மிஷிமா மிச்சிட்சுனே. காவலர்களுக்குக் கற்பிக்கத் தகுந்த ஆசிரியர்களைத் தேடி, பல மரபுகளின் வீரர்களையும் மோதவிடும் போட்டிகள் அவர் காலத்தில் நடந்தன. அவற்றில் வலிமை மிக்க தரப்பு, சிபா பகுதியைச் சேர்ந்த டொட்சுகா குடும்பத்தின் யோஷின் மரபு. (இதே மிஷிமா அதற்குமுன் ஃபுகுஷிமாவின் ஆளுநராக இருந்து, அய்சு விவசாயிகளைக் கட்டாயச் சாலை வேலைக்கு இழுத்து வெறுப்பைச் சம்பாதித்தவர். அவர் நடத்திய போட்டிகளில் ஓர் அய்சுக்காரர் புகழ் பெற்றார் என்பதையும், மிஷிமாவின் மகன் யாஹிகோவே 1912-இல் கானோ அழைத்துச் சென்ற முதல் ஜப்பானிய ஒலிம்பிக் அணியின் இரு வீரர்களில் ஒருவர் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.)

பரவலாகச் சொல்லப்படும் கதை இது: 1886-இல் நடந்த ஒரே பெரும் போட்டியில், டொட்சுகா தரப்பின் தலைசிறந்த வீரர் தெருஷிமா தாரோவை, குள்ளமான சைகோ ஷிரோ மலைப்புயலால் வீழ்த்தினார்; அன்றோடு ஜூடோவின் மேன்மை நிலைநாட்டப்பட்டது.

கானோ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பது வேறு. ஆண்டு 1888-ஐ ஒட்டியது என்கிறார். இரு தரப்பிலும் பதினான்கு பதினைந்து பேர் கலந்துகொண்டனர்; அவர்களில் பத்துப் பேர் அளவில் டொட்சுகா மாணவர்களோடு மோதினர்; இரண்டு மூன்று ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிய, மற்றவை அனைத்திலும் கோடோக்கானே வென்றது என்கிறார். தெருஷிமாவோடு மோதியவர் யமாஷிதா என்று பெயர் குறிப்பிடுகிறார். அந்த ஆட்ட விவரங்களில் சைகோவின் பெயர் வரவில்லை.

இதனால் சைகோவின் திறமை குறைந்துவிடாது. அதே கானோ, போட்டிக்குப் பின் டொட்சுகா மரபின் தலைவர் எய்மி கோடோக்கானுக்கு வந்திருந்தபோது சைகோவின் பயிற்சிச் சண்டையைப் பார்த்து, 'வித்தகர் என்று சொல்வது இப்படிப்பட்டவரைத்தான்' என்ற பொருளில் வியந்ததைப் பதிவு செய்திருக்கிறார். தோற்ற தரப்பின் ஆசான் வாயிலிருந்து வந்த அந்தப் பாராட்டை, எந்த வெற்றிக் கதையைக் காட்டிலும் நான் உயர்வாக மதிக்கிறேன். பலர் பல நாள் மோதிப் பெற்ற மதிப்பை, ஒரே நாளில் ஒரே எறியில் அடைந்ததாகச் சுருக்கியது பிற்காலக் கதைசொல்லிகளின் கைவரிசை.

டைட்டோ மரபின் இரகசியக் கலையை வளர்ப்புத் தந்தையிடம் கற்றாரா?

அய்க்கிடோ என்ற தற்காப்புக் கலைக்கு மூலமான டைட்டோ மரபோடு தனோமோவின் பெயர் இணைத்துப் பேசப்படுவதால் எழுந்த ஊகம் இது. ஷிரோ அவரிடம் அப்படியொரு கலையைக் கற்றார் என்று காட்டும் அக்கால ஆவணம் எதுவும் வெளிவரவில்லை. தத்துப் போவதற்கு முந்தைய ஆண்டே அவர் முதல் டான் பெற்றிருந்தார் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோடோக்கானை விட்டு ஏன் போனார்?

1889-இல் கானோ கல்வி முறைகளை ஆராய ஐரோப்பா புறப்பட்டபோது, கோடோக்கானின் பொறுப்பைச் சைகோவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். 1891 தொடக்கத்தில் அவர் திரும்பி வந்தபோது சைகோ அங்கே இல்லை. 1890-இலேயே, சீனாவுக்குச் செல்வது பற்றிய தம் கருத்துகளை ஓர் அறிக்கையாக எழுதி வைத்துவிட்டு வெளியேறியிருந்தார்.

குடிபோதையில் சுமோ வீரர்களோடு தெருச்சண்டையிட்டு, தடுக்க வந்த காவலர்களையும் ஆற்றில் தூக்கிப் போட்டதால் கானோ அவரை வெளியேற்றினார் என்றொரு கதை உண்டு. கானோ கடல் கடந்து இருந்த காலத்தில் சைகோ தாமே வெளியேறினார் என்பதோடு இந்தக் கதை பொருந்தவில்லை. விட்டுச் சென்ற அறிக்கையின் பொருளே காரணத்தைச் சொல்கிறது. மேலை நாடுகளின் கை ஆசியாவில் ஓங்கிவந்த அக்காலத்தில், ஜப்பானின் எதிர்காலம் சீனப் பெருநிலத்தோடு பிணைந்தது என்று நம்பிய இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. பின்னாளில் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னின் நெருங்கிய துணைவரான மியாசாகி தோதென் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர். சைகோ அவரோடு பழகியவர். படை அதிகாரியாக வேண்டும் என்று புறப்பட்டு வந்த அய்சுச் சிறுவனுக்கு, ஜூடோ இடைவழியில் கிடைத்த திறமை. அது அவருடைய இலக்காக இருந்ததில்லை என்றே இதைப் படிக்கிறேன். ஆசான் நம்பி ஒப்படைத்த பொறுப்பை அவர் இல்லாத வேளையில் விட்டுச் சென்றது சரியா என்ற கேள்வி நியாயமானதே. அதன் கனம் சைகோவுக்கும் தெரிந்திருக்கும்.

அதன்பின் என்ன செய்தார்?

நாகசாகியில் வாழ்ந்தார். 1902-இல் சுசுகி தென்கன் அங்கே 'தோயோ ஹினோடே ஷிம்புன்' என்ற நாளிதழைத் தொடங்கியபோது, அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். சுன் யாட்-சென்னின் இயக்கத்தை ஆதரித்த இதழ் அது. 1911-இல் சீனப் புரட்சி வெடித்தபோது சைகோ அங்கே சென்று செய்தி அனுப்பினார். இதற்கிடையே நாகசாகி இளைஞர்களுக்கு ஜூடோவும் வில்வித்தையும் கற்றுக்கொடுத்தார். அந்நகரின் நீச்சல் சங்கத்தில் முன்னின்று நீச்சலும் கற்பித்தார். கோடோக்கானின் முதல் டான் பெற்றவரை, ஜூடோ ஆசான் என்பதைவிட நீச்சல் வாத்தியாராக அறிந்திருந்த சிறுவர்கள் அங்கே இருந்திருப்பார்கள்.

சுகதா சன்ஷிரோ என்ற கதாபாத்திரம் இவர்தானா?

இவரை அடிப்படையாகக் கொண்டது. 1942-இல் வெளிவந்த 'சுகதா சன்ஷிரோ' நாவலை எழுதியவர் தொமிதா ட்சுனெயோ. சைகோவோடு ஒரே நாளில் முதல் டான் வரிசையில் நின்ற தொமிதா ட்சுனெஜிரோவின் மகன். அடுத்த ஆண்டு அகிரா குரோசாவா அதையே தம் முதல் படமாக இயக்கினார். ஆசானின் கண்டிப்புக்கு ஆளான நாயகன் கோயில் குளத்தில் குதித்து, இரவெல்லாம் ஒரு கழியைப் பற்றி நின்று, தாமரை மலர்வதைக் கண்டு தெளியும் காட்சி அதில் புகழ்பெற்றது.

நாவலாசிரியர் பிறந்தது 1904-இல். சைகோ கோடோக்கானை விட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தை வழியே கேட்டறிந்த இளமைக்கால நண்பரின் உருவத்தைக் கொண்டே நாயகனை அவர் செதுக்கியிருக்க வேண்டும். அதனால்தான் கதையில் கோயில், எறி, போட்டி எல்லாம் உயிரோடு இருக்கின்றன. நாகசாகியின் பத்திரிகை அலுவலகத்துக்கு அங்கே இடமில்லை.

எப்போது, எங்கே இறந்தார்? கானோவுடன் இருந்த உறவு என்னவாயிற்று?

உடல்நலம் குன்றியதால் செட்டோ உள்நாட்டுக் கடலோரம் உள்ள ஓனோமிச்சிக்கு ஓய்வுக்காகச் சென்றிருந்தவர், 1922 டிசம்பர் 23 அன்று, ஐம்பத்தாறாம் வயதில் அங்கேயே இறந்தார். அவ்வூரில் அவருக்குச் சிலை உண்டு.

இறப்புச் செய்தி எட்டிய பின், 1923 ஜனவரி 14 நாளிட்டு, கானோ அவருக்கு ஆறாம் டான் வழங்கினார். அந்தச் சான்றிதழில், கோடோக்கான் ஜூடோவைத் தொடங்கியபோது தமக்குத் துணைநின்று ஆராய்ந்தவர் என்றும், எறிகலையின் ஆழத்தைக் கண்டவர் என்றும், அவருடைய தனித்திறமையில் பல்லாயிரம் மாணவர்களுள் இன்னும் எவரும் அவரை மிஞ்சவில்லை என்றும் எழுதினார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் சொல்லாமல் போனதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.